கடன் வழக்கில் தீர்ப்பு பாதகமானால்...

சரக்குப் பாக்கி 2 லட்ச ரூபாய்க்கு மொத்த வியாபாரி ஒருவர் சில்லறைக் கடைக்காரர் மீது வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'பாதித் தொகையைக் கட்டிவிட்டேன்' என்கிறார் கடைக்காரர். ஆனால் முழுத் தொகைக்கும் டிகிரி ஆகிவிடுகிறது. 'அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர் கடை வேலையில் மூழ்கிவிடுகிறார். இரண்டு மாதம் கழித்து அமீனா ஜப்தி உத்தரவுடன் வாசலில் நிற்கிறார்! இந்த நிலை நமக்கு வராமலிருக்கத் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. கெடு: மேல்முறையீட்டை மாவட்ட அல்லது சார்பு நீதிமன்றத்தில் செய்வதானால் 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள். 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறு 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் நடந்திருந்தால் 60 நாள். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல நேரிடும்.

2. நகல்: தீர்ப்பு நகலுக்கு மனுச் செய்த நாள் முதல் நகல் தயாராகும் நாள் வரை கெடுவில் கழிக்கப்படும். மனுச் செய்யாமல் கழித்த நாட்களுக்குச் சலுகை இல்லை. எனவே தீர்ப்பு வந்தவுடன் நகலுக்கு மனுப் போடுங்கள்.

3. தடை உத்தரவு: அப்பீல் தாக்கல் செய்ததாலேயே ஜப்தி நிற்காது. தடை கோரித் தனி மனு வேண்டும். பண டிகிரியில், தகராறிலுள்ள தொகையைக் கட்டவோ ஜாமீன் கொடுக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும். அப்பீல் போடுமுன்பே அந்தப் பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

4. புதிய சாட்சியம்: கீழ்க்கோர்ட்டில் காட்டாத ரசீதை அப்பீலில் காட்ட எளிதில் அனுமதி கிடைக்காது. நம் கடைக்காரர் கட்டிய பணத்துக்கு ரசீது மேஜை இழுப்பறையில் கிடந்து பயனென்ன? வழக்கு நடக்கும்போதே பேரேடு, ரசீது, வங்கிக் கணக்கு அனைத்தையும் வக்கீலிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

5. ஒருதலைத் தீர்ப்பு: ஆஜராகாததால் டிகிரி ஆனால், அதே நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் அதை ரத்துச் செய்யக் கோரலாம். சம்மன் முறையாகச் சார்வு ஆகாதிருந்தால், டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள்.

6. வென்றவர்களுக்கு: வட்டியைக் குறைத்துத் தீர்ப்பாகியிருந்து எதிராளி அப்பீல் செய்தால், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் நீங்களும் எதிர் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம்.

எந்த வழக்கானாலும் தீர்ப்புத் தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று மாலையே வக்கீலைச் சந்தியுங்கள். ஒரு நாள் கடையைச் சீக்கிரம் அடைப்பதால் வரும் நஷ்டம் சிறிது. கெடு தவறினால் கடையே ஜப்தியில் போகலாம்.