பில்லிங் சாஃப்ட்வேர் ஃபோல்டரை யாரெல்லாம் மாற்றலாம்?

கேள்வி: மொத்த மருந்து விற்பனை நிறுவனம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 14 கம்ப்யூட்டர்கள். சர்வர் என்று நாங்கள் சொல்வதும் ஒரு விண்டோஸ் 10 டெஸ்க்டாப்தான். சமீபத்தில் நடந்த பாதுகாப்புத் தணிக்கையில் மூன்று குறைகளைச் சுட்டிக்காட்டினார்கள். பில்லிங் சர்வீஸின் பாதைக்கு மேற்கோள் குறி இல்லை. அந்த சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரில் எந்த யூசரும் எழுதலாம். பிரிண்ட் ஸ்பூலர் எல்லா மெஷினிலும் ஓடுகிறது. சாதாரண யூசர் அட்மின் ஆகிவிட இவை வழி கொடுக்கும் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் வெண்டர், "ஆபீஸுக்குள்ளே இருக்கிற மெஷின், ஆன்டிவைரஸும் இருக்கு, அப்புறம் என்ன பயம்? பர்மிஷனில் கைவைத்தால் சாஃப்ட்வேர் ஓடாது, நான் பொறுப்பில்லை" என்கிறார். எதை நம்புவது? எதை முதலில் சரிசெய்வது? லினக்ஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

கணினிப் பொறுப்பாளர், மதுரை

பதில்: தணிக்கைக்காரர் சொன்னது சரி. மூன்றில் இரண்டாவதை, அதாவது ஃபோல்டர் விஷயத்தை, இந்த வாரமே சரிசெய்யுங்கள். மற்ற இரண்டும் அதன் பின்னால் வரட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். விண்டோஸில் சர்வீஸ் என்பது யாரும் லாகின் செய்வதற்கு முன்பே, திரைக்குப் பின்னால் ஓடத் தொடங்கும் புரோகிராம். ஒவ்வொரு சர்வீஸும் ஏதாவது ஒரு கணக்கின் பெயரில் ஓடும். பெரும்பாலான பில்லிங் சாஃப்ட்வேர்கள் யோசிக்காமல் 'லோக்கல் சிஸ்டம்' கணக்கை எடுத்துக்கொள்கின்றன. அந்த மெஷினில் அட்மினிஸ்ட்ரேட்டரைவிட அதிகாரம் உள்ள கணக்கு அது. பில் போடுவதற்கும் ஸ்டாக் கணக்கு பார்ப்பதற்கும் அவ்வளவு அதிகாரம் எதற்கு? தேவையே இல்லை. நிறுவும்போது எந்தத் தடையும் வராது என்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அந்த சர்வீஸின் எக்ஸி ஃபைல் இருக்கும் ஃபோல்டரை கவுன்டர் ஊழியரின் சாதாரண கணக்கால் மாற்ற முடியும் என்றால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸியின் மேல் வேறொன்றை எழுத விண்டோஸ் விடாது. ஆனால் அதன் பெயரை மாற்ற விடும். பழைய ஃபைலுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, அதே பெயரில் இன்னொரு ஃபைலை வைத்து, மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் போதும். விண்டோஸ் 10, 11 டெஸ்க்டாப்பில் ரீஸ்டார்ட் செய்ய அட்மின் பாஸ்வேர்டு கேட்காது. மெஷின் திரும்பி வரும்போது, வைக்கப்பட்ட ஃபைல் லோக்கல் சிஸ்டம் அதிகாரத்தோடு ஓடும். இதற்கு ஹேக்கிங் திறமை வேண்டாம், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். வேறு எந்தப் பிழையையும் நம்பியிராத வழி இது என்பதால் மைக்ரோசாஃப்ட் எத்தனை பேட்ச் விட்டாலும் இது அடைபடாது. நீங்கள்தான் அடைக்க வேண்டும்.

"நான் யாருக்கும் அப்படி பர்மிஷன் கொடுக்கவில்லையே" என்று தோன்றலாம். கொடுத்திருக்கத் தேவையில்லை. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரை விண்டோஸ் தானே காத்துக்கொள்கிறது. சாதாரண யூசரால் அங்கே எழுத முடியாது. ஆனால் விண்டோஸ் 10, 11இல் சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் போட்டாலோ, டி டிரைவில் போட்டாலோ, லாகின் செய்யும் எல்லோருக்கும் அதை மாற்றும் உரிமை மேலிருந்து தானாகவே இறங்கிவிடும். நம் ஊர் வெண்டர்களில் பலர் அங்கேதான் நிறுவுகிறார்கள். ஏதாவது எர்ரர் வந்தால் அதற்கும் மேலே போய் 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள்.

ஆபீஸுக்குள்ளே இருக்கும் மெஷின் என்ற வாதத்துக்கு வருவோம். தாக்குபவர் முதலில் நுழைவது சாதாரண யூசராகத்தான். இன்வாய்ஸ் என்று வந்த மெயிலை ஊழியர் திறக்கிறார். அவர் கணக்கின் அளவுக்குத்தான் அதில் வந்த வைரஸால் ஆட முடியும். ரான்சம்வேர் கும்பலுக்கு அது போதாது. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் ஷேடோ காப்பிகளை அழிக்க அட்மின் உரிமை வேண்டும். ஆன்டிவைரஸுக்கு 'இந்த ஃபோல்டரைப் பார்க்காதே' என்று விதிவிலக்குப் போட, மெஷினில் பதிந்திருக்கும் மற்றவர்களின் பாஸ்வேர்டு தடயங்களை எடுக்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். சாதாரண கணக்கிலிருந்து அந்த இடத்துக்கு ஏறும் படிதான் உங்கள் பில்லிங் ஃபோல்டர். ஏறிய பிறகு ஆன்டிவைரஸை நம்பி இருக்க முடியாது.

இந்த வகை ஓட்டைகளுக்கு 'கிரிட்டிக்கல்' முத்திரை அரிதாகவே விழும். 'ஹை' என்றுதான் வரும். ஏற்கெனவே மெஷினுக்குள் இருப்பவர்தான் பயன்படுத்த முடியும் என்பதால் மதிப்பெண் குறைகிறது. அதைப் பார்த்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும் நிறுவனங்கள் ஏராளம். அந்த மதிப்பெண்ணை வைத்து அவசரத்தை முடிவு செய்யாதீர்கள்.

எப்படிச் சரிசெய்வது? ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது செய்யுங்கள். முதலில் டேட்டாவுக்கு பேக்கப். பிறகு ஐகாக்ல்ஸ் கட்டளையால் அந்த ஃபோல்டரின் இப்போதைய பர்மிஷன்களை ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். ஏதாவது கோளாறானால் பழையபடி திருப்பலாம். அடுத்து, சாஃப்ட்வேர் உண்மையில் எங்கே எழுதுகிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'பிராசஸ் மானிட்டர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை ஓடவிட்டு ஒரு பில் போடுங்கள், ஒரு ரிப்போர்ட் எடுங்கள், ஸ்டாக் ஏற்றுங்கள். எழுதப்படுவது பெரும்பாலும் டேட்டாபேஸ் ஃபோல்டரும் லாக் ஃபோல்டரும்தான் என்று தெரியும். எக்ஸியும் டிஎல்எல்லும் இருக்கும் ஃபோல்டரில் யாரும் எழுத வேண்டிய அவசியமே இருக்காது.

தெரிந்த பிறகு, புரோகிராம் ஃபோல்டரின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், 'அட்வான்ஸ்டு' திரையில் மேலிருந்து இறங்கும் உரிமையைத் துண்டியுங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டுக்கும் முழு உரிமை; யூசர்ஸுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும். எவ்ரிஒன், ஆத்தன்டிகேட்டட் யூசர்ஸ் என்ற பெயர்களில் எழுதும் உரிமை இருந்தால் எடுத்துவிடுங்கள். டேட்டா, லாக் ஃபோல்டர்களில் மட்டும், தேவைப்படும் கணக்குக்கு மாற்றும் உரிமை கொடுங்கள். பிறகு சாதாரண கணக்கில் லாகின் செய்து பில் போட்டுப் பாருங்கள். நின்றால், பிராசஸ் மானிட்டரில் 'அக்சஸ் டினைட்' என்று வரும் வரியைத் தேடுங்கள். எந்த ஃபைலில் முட்டுகிறது என்று அதுவே காட்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் வழிவிட்டால் போதும். "ஓடாது" என்ற வெண்டரின் பயம் இங்கேயே தீர்ந்துவிடும். ஃபோல்டரை 'கட் பேஸ்ட்' செய்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் கொண்டுபோய்விடலாமே என்று நினைக்காதீர்கள்: பழைய பர்மிஷனும் கூடவே வரக்கூடும். இடம் மாற்றுவதென்றால் புதிதாக நிறுவுவதே மேல்.

மேற்கோள் குறி விஷயம் எளிது. சர்வீஸின் பாதை 'டி:\ஸ்டோர் பில்லிங்\சர்வர்\மெயின்.எக்ஸி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் இடைவெளி இருக்கிறது, மேற்கோள் குறி இல்லை. விண்டோஸ் அந்த இடைவெளியில் நின்று, முதலில் 'டி:\ஸ்டோர்.எக்ஸி' என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே ஓட்டிவிடும். டி டிரைவில் யார் வேண்டுமானாலும் ஃபைல் வைக்கலாம் என்ற நிலையில் இது ஆபத்து. சி டிரைவின் மேல்மட்டத்தில் சாதாரண யூசரால் ஃபைல் வைக்க முடியாது என்பதால் அங்கே ஆபத்து குறைவு. ரெஜிஸ்ட்ரியில் அந்த சர்வீஸின் 'இமேஜ்பாத்' மதிப்பைத் திறந்து, எக்ஸி வரைக்கும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பாதைக்குப் பின்னால் வேறு அளபுருக்கள் இருந்தால் அவை குறிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே சேர்த்துவிட்டால் சர்வீஸ் எழும்பாது. வெண்டர் அப்டேட் போடும்போது பழையபடி ஆகிவிடலாம். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள்.

அந்த சர்வீஸை லோக்கல் சிஸ்டத்திலிருந்து இறக்கவும் முயலுங்கள். அந்த சர்வீஸின் பெயரிலேயே விண்டோஸ் தரும் விர்ச்சுவல் கணக்கு இருக்கிறது. பாஸ்வேர்டு பராமரிக்க வேண்டாம். முதலாளியின் அட்மின் கணக்கில் சர்வீஸை ஓடவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அது இன்னும் மோசம்: அந்த பாஸ்வேர்டு மெஷினிலேயே பதிந்து கிடக்கும். லோக்கல் சர்வீஸ், நெட்வொர்க் சர்வீஸ் என்ற சிறிய கணக்குகளும் உதவும். ஆனால் அவற்றிலிருந்து சிஸ்டம் வரை ஏறிக்காட்டும் உத்திகள் 2016இலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்திருக்கின்றன. ஆகவே கணக்கை மாற்றிவிட்டோம் என்று ஃபோல்டரைத் திறந்தே விட்டுவிடாதீர்கள்.

அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலருக்குப் பழைய கதை உண்டு. 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு பரவிய வழிகளில் ஒன்று ஸ்பூலர். 2021 ஜூன் 8 அன்று மைக்ரோசாஃப்ட் ஸ்பூலருக்கு ஒரு பேட்ச் விட்டது. அந்த மாத இறுதியில், அந்த பேட்ச் போட்ட மெஷினிலும் வேலை செய்யும் தாக்குதல் நிரல் இணையத்தில் வெளியாகிவிட்டது. பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டைக்கு சிவிஇ-2021-34527 என்று தனி எண் கொடுத்து, ஜூலை 6 அன்று வழக்கமான மாதாந்திர பேட்ச் நாள் வரும்வரை காத்திராமல் அவசர பேட்ச் விட்டார்கள். ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7க்கும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்றால் நிலைமை புரியும். அதோடு நிற்கவில்லை: 2022 அக்டோபரில் அடைக்கப்பட்ட இன்னொரு ஸ்பூலர் ஓட்டையை ரஷ்ய உளவுக் குழு ஒன்று பயன்படுத்தி வந்ததாக 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டே சொன்னது.

உங்கள் சர்வரிலிருந்து பிரிண்ட் எடுப்பதில்லை என்றால் ஸ்பூலரை நிறுத்தி 'டிசேபிள்டு' என்று வையுங்கள். கவுன்டர் மெஷின்களில் பில் அச்சாக வேண்டும், அங்கே நிறுத்த முடியாது. ஆனால் வேறு மெஷினிலிருந்து வரும் பிரிண்ட் வேலைகளை ஸ்பூலர் ஏற்காதபடி குரூப் பாலிசியில் ஓர் அமைப்பு இருக்கிறது. பிரிண்டரைப் பகிராத மெஷின்களில் அதைப் போட்டுவிடலாம். இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். 2021 ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டருக்கு டிரைவர் ஏற்ற அட்மின் உரிமை வேண்டும் என்றாகிவிட்டது. மெஷினுக்கு மெஷின் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று எரிச்சலடைந்து, பல இடங்களில் ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கட்டுப்பாட்டைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். 'ரெஸ்ட்ரிக்ட் டிரைவர் இன்ஸ்டலேஷன் டு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்ற அந்த மதிப்பு 0 என்று இருந்தால் 1 ஆக்குங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு குறை மிஞ்சும்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேராத மெஷினுக்கு இனி பேட்ச் வராது. சர்வர் மெஷினை முதலில் மாற்றுங்கள்.

லினக்ஸுக்கு மாறினால் தீருமா? தீராது. 2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் நிறுவனம் 'பிகேஎக்ஸெக்' என்ற சிறு கருவியில் இருந்த ஓட்டையை வெளியிட்டது. முக்கியமான லினக்ஸ் பதிப்புகளில் எல்லாம் முன்னிருப்பாகவே வரும் கருவி அது, யார் இயக்கினாலும் ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் உரிமையோடு ஓடுவது. அளபுரு எதுவுமே இல்லாமல் அதை அழைத்தால் தன் நினைவகத்தில் தவறான இடத்தைப் படித்து, எழுதிவிடும். அதன் வழியாக எந்த யூசரும் ரூட் ஆகலாம். 2009 மே மாதம் வெளிவந்த முதல் பதிப்பிலிருந்தே அது அங்கே இருந்தது, 12 ஆண்டுகளுக்கு மேல். அங்கேயும் வேலை இதே வேலைதான்: உடனே அப்டேட், ரூட் தேவைப்படாத சர்வீஸுக்குத் தனிக் கணக்கு, தேவையில்லாததை நிறுத்துவது.

அடைப்பதற்கு முன், யாராவது ஏற்கெனவே நுழைந்துவிட்டார்களா என்று பார்த்துவிடுங்கள். ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து 7045 என்ற எண்ணைத் தேடுங்கள். புதிதாக ஒரு சர்வீஸ் நிறுவப்பட்டால் அந்த எண்ணில் பதிவாகும். உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் புதிய ஆள் இருந்தால், மெஷினை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்படியே வையுங்கள். இந்தியாவில் இத்தகைய ஊடுருவலை, கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு சொல்கிறது.

வெண்டரிடம் சண்டை வேண்டாம். "உங்கள் சாஃப்ட்வேர் எந்தெந்த ஃபோல்டரில் எழுத வேண்டும், சர்வீஸுக்கு எந்தக் கணக்கு போதும்" என்று மெயில் அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள். நல்ல வெண்டர் ஒரே நாளில் தந்துவிடுவார். தராதவருக்கு அடுத்த ஆண்டு ஏஎம்சி புதுப்பிக்காதீர்கள்.