ஒன்பது என்றால் எத்தனைக்கு?

தலையில் அடிபட்ட என் கணவர் நியூரோ ஐ.சி.யூ.வில் இருக்கிறார். நர்ஸ் மணிக்கொருதரம் எழுப்பி, நகத்தை அழுத்துகிறார். கண்ணில் டார்ச் அடிக்கிறார். 'ஸ்கோர் 9' என்கிறார்கள். நூற்றுக்கு ஒன்பதா? அவரைத் தூங்கவாவது விடக்கூடாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

நூற்றுக்கு இல்லையம்மா, 15-க்கு! நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, 1974-இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் சொன்ன கணக்கு இது. கண் திறக்க 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. எதுவுமே செய்யாதவருக்கும் 3 உண்டு. இந்தப் பரீட்சையில் முட்டை வாங்க முடியாது.

நகத்தை அழுத்துவது கொடுமை இல்லை. விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் அசைவுக்கு 4. புருவ மேட்டை அழுத்தும்போது கை தேடி வந்து தட்டிவிட்டால் 5. டார்ச் எதற்கு? ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால், மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறதோ என்று உடனே ஸ்கேனுக்கு ஓடுவார்கள். அதனால் இப்போதைக்குத் தூக்கம் கெடட்டும்.

தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சைச் சோதிக்க முடியாது; எண்ணோடு 'டி' என்று எழுதியிருப்பார்கள். டாக்டரைப் பார்க்கும்போது மொத்தத்தைக் கேட்காதீர்கள். "நேற்று கை அசைவுக்கு எத்தனை, இன்று எத்தனை?" என்று கேளுங்கள். மூன்றில் அதிகம் சொல்வது அதுதான்.