தாய்ப்பாலும் தகரப்பாலும்

கடைகளில் மாவுப்பால் அடைத்த தகரப்பெட்டியைக் கண்டிருப்பீர்கள். அடுத்த முறை அதன் மேலுறையைக் கூர்ந்து நோக்குங்கள். சோப்புக் கட்டியின் உறையிலே கூடக் கொழுகொழுவென்ற குழந்தை சிரித்துக் கொண்டிருக்கும். குழந்தைக்கென்றே செய்த இப்பெட்டியிலோ குழந்தையின் படமே இராது. தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்ற அறிவிப்பு மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். தம் சரக்கினும் வேறொன்றே சிறந்தது என்று வணிகர் தாமே அச்சிட்டு விற்பது வியப்பன்றோ?

சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1893-இல் ஜமெய்க்காத் தீவிற் பிறந்தவர். இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டில் பணியாற்றியபோது, குழந்தைகளை வாட்டிய ஒரு நோயை ஆராய்ந்து, அந்நாட்டார் இட்ட 'குவாஷியார்க்கர்' என்ற பெயராலேயே அதனை உலகிற்கு அறிவித்தார். அடுத்த மகவு பிறந்ததும் தாய்ப்பாலினின்று விலக்கப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் கருத்து. பின்னர் மலேயாவுக்கு வந்த அம்மையார், இனிப்பூட்டிய கெட்டிப்பால் பச்சிளங் குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று விளம்பரம் செய்யப்படுதலைக் கண்டு மனம் பதைத்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். பொய்ப் பிரசாரத்தால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையென்றே கருத வேண்டும் என்றார். வணிகர் நிறைந்த அவையில் இதனைச் சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

மாவுப்பால் நஞ்சன்று, தாயை இழந்த மகவுக்கு அது உயிர் காக்கும் பொருளே. தீங்கு அதனைப் பரப்பிய முறையில் இருந்தது. ஏழை நாடுகளில், செவிலியர்போல் உடுத்த விற்பனைப் பெண்கள் பிள்ளை பெற்ற தாயரை அணுகி, இலவச மாதிரிப் பெட்டிகளை வழங்கினர். குழந்தை சுவைக்கச் சுவைக்கவே தாயிடம் பால் ஊறும். சுவைத்தல் குறைந்தால் ஊற்றும் குறையும். எனவே, இலவசப் பெட்டி தீரும்போது தாயின் பாலும் வற்றியிருக்கும். அதன்பின் விலை கொடுத்தே வாங்க வேண்டும். கையில் காசில்லாத தாய், நான்கு நாள் மாவை நீர் கலந்து எட்டு நாளைக்கு நீட்டுவாள். காய்ச்சாத நீரும் கழுவாத புட்டியும் வயிற்றுப்போக்கைக் கொணரும். நோயைத் தடுக்கும் ஆற்றல் தாய்ப்பாலில் உண்டு. தகரப்பாலில் அஃது இல்லை.

1981 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக நலவாழ்வுப் பேரவை, இவ்வணிகத்துக்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு அமெரிக்கா ஒன்றே. நெறிமுறை வேறு, சட்டம் வேறு. இந்தியா 1992-இல் தனிச்சட்டம் இயற்றி, 2003-இல் அதனை மேலும் இறுக்கியது. விளம்பரம், இலவச மாதிரி, தாயர்க்குப் பரிசு, பெட்டியில் குழந்தைப் படம் ஆகிய யாவும் விலக்கப்பட்டன. விற்ற அளவுக்கேற்ப ஊழியர்க்குத் தரகு தருதலும் கூடாது. மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. அம்மையார் மறைந்ததும் அதே 1992-ஆம் ஆண்டில்தான்.

விளம்பரத்தைத் தடுத்துவிட்டால் மட்டும் தாய் பாலூட்டிவிட முடியுமா? அதற்கு ஓய்வும் இடமும் வேண்டும். 2015-இல் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச்சட்டம், முதல் இரு பேறுகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு அளித்தது. அவ்விடுப்பு ஆலையிலும் அலுவலகத்திலும் பணிபுரிவோர்க்குக் கிட்டியது. நாட்கூலிக்கு நாற்று நடும் தாயோ, வரப்போர மரத்தில் தூளி கட்டி, மகவின் அழுகுரல் கேட்கும்போதெல்லாம் சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு கரையேறுகிறாள்.