பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடணுமா?

நம்ம பள்ளியின் இரண்டு கம்ப்யூட்டரிலும் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் முடித்துவிட்டது. இனி ஆன் ஆகாதோன்னு பயந்தேன். ஆகும். ஆனால் புதுப்புது ஓட்டைகளை அடைக்க வழக்கமாக வரும் இலவச அப்டேட் வராது. வைரஸ் நுழைவது சுலபம்.

விண்டோஸ் 11 போடலாமே? 4 ஜிபி ராம் வேண்டும், அது இருக்கு! டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டுமாம். டீச்சர் சோதித்துப் பார்த்தாங்க, இல்லை. நல்லா ஓடுற மெஷினை இதற்காக எடைக்குப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

லினக்ஸ் இலவசம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழும் உண்டு. அதை ஒன்றிலாவது போட்டுப் பார்க்கலாம் டீச்சர்! அதற்கு முன்னால் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வைக்கணும், இல்லாட்டி அழிஞ்சிடும். நான் பெயிண்டில் வரைந்த மயில் அதிலேதான் இருக்கு.