பூச்சியை விழுத்தும் வெள்ளைப் பூ



பொழுது சாய்ந்ததும் காம்பராவில் நுளம்புச்சுருள் கொளுத்துகிறோம். இந்தச் சுருள் ஆரம்பத்தில் எதிலிருந்து செய்யப்பட்டது தெரியுமா? ஒரு பூவிலிருந்துதான்!

அந்தப் பூவின் பெயர் பைரத்திரம். நம்ம செவ்வந்திக்குச் சொந்தக்காரச் செடி. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். இதன் தாயகம் ஐரோப்பாவில் டல்மேஷியா என்னும் கடலோரப் பகுதி. ஜப்பானில் 1890 அளவில் இந்தப் பூவின் தூளை ஊதுபத்தி போலத் திரித்தார்கள். அது சீக்கிரம் எரிந்து முடிந்தது. எனவே சுருளாகச் செய்து 1902 இல் விற்பனைக்கு விட்டார்கள்.

குளிர் இருந்தால்தான் இந்தச் செடி நன்றாகப் பூக்கும். அதனால் தேயிலை விளையும் கென்யாவின் மலைநாட்டிலும் சிறு விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். நாம் கொழுந்து பறிப்பது போல, அங்கே விரிந்த பூவைக் கையால் பறிக்கிறார்கள். பறித்ததும் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தால் சூடேறிச் சத்து போய்விடும்.

மருந்துச் சத்து அதிகம் இருப்பது இதழில் அல்ல, நடுவிலுள்ள விதைப் பகுதியில். காய்ந்த பூ 100 கிலோவில் 1 முதல் 2 கிலோ வரைதான் கிடைக்கும். அது பூச்சியின் நரம்பைத் தாக்கிச் சட்டென்று கீழே விழுத்தும். வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும்.

"இயற்கை மருந்துதானே, என்ன செய்யப் போகுது?" என்று சிலர் கேட்பதுண்டு. அது தவறு. இந்த மருந்து ஓடையில் கலந்தால் மீன் சாகும். பூவில் அடித்தால் தேனீ சாகும். இன்று கடையில் வாங்கும் சுருள்களில் பெரும்பாலும் இருப்பது பூத்தூள் அல்ல. அதைப் பார்த்துத் தொழிற்சாலையில் செய்த மருந்து. பூவோ தொழிற்சாலையோ, சுருளின் புகை புகைதான்.

ஆகவே மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம்:

1. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த காம்பராவில் சுருள் கொளுத்தாதீர்கள். கைக்குழந்தை இருந்தால் நுளம்பு வலையே நல்லது.

2. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். பூட்டி வையுங்கள்.

3. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படித்தவர்கள் இதைப் பக்கத்துக் காம்பராவில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.