வீட்டு நாய் முதுமையடையும்போது



ஆடு, மாடு, கோழி வளர்ப்புப் பற்றிப் பல பாடங்களைப் படித்திருக்கிறோம். அவை வருமானம் தருபவை. இப்பாடம் ஒரு சதமும் தராமல், வாசலை விட்டும் அகலாமல் கிடக்கும் நாயைப் பற்றியது. “மனிதருக்கே வழியில்லை, நாய்க்கு ஒரு பாடமா?” என்று சிலர் கேட்கலாம். முதலில் ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம்.

2007 மார்ச்சில் போர் மூண்டபோது படுவான்கரையிலிருந்து பல்லாயிரம் மக்கள் எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தனர். ஒரு விவசாயக் குடும்பம் மண்டூர்த் துறையில் தோணி ஏறியது. நாய்க்கு இடமில்லை, அது கரையிலேயே நின்றுவிட்டது. மாதங்கள் கழித்து வளவைப் பார்க்கப் போனபோது நாயைக் காணவில்லை. பெரியகல்லாற்றில் உறவினரோடு தங்கிவிட்ட அக்குடும்பம் பின்னர் ஒரு குட்டியை வளர்த்தது. பதின்மூன்று வருடங்களின் பின் அதுவும் முதுமையால் இறந்தது. பேரன் அழுதான். “நாய்க்காக அழுறதா மகன்?” என்று அதட்டிய அம்மம்மா, அன்றிரவு தானே விம்மி அழுதார். துறையில் நின்ற நாயும் விட்டுவந்த வயலும் அவருடைய நினைவில் வந்துவிட்டன.

1. முதுமையை அறிந்துகொள்வோம்

ஏழு, எட்டு வயதிலிருந்து நாயிடம் முதுமை தென்படத் தொடங்கும். முகவாய் நரைக்கும், கண் மங்கும், எழும்பச் சிரமப்படும், கூப்பிட்டால் கேட்காது. இது சோம்பலல்ல. அடித்துப் பயனில்லை.

2. செலவில்லாத பராமரிப்பு

* எலும்பைத் தவிர்த்து, மீன் சேர்த்துக் குழைத்த சோற்றைச் சிறிது சிறிதாக இரண்டு வேளை கொடுங்கள்.
* நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.
* மாரியில் ஈரம் படாத இடத்தில் பழைய சாக்கை விரித்துவிடுங்கள். உண்ணியைக் கழற்றுங்கள்.
* மனிதருக்குரிய நோவு மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். பரசிற்றமோல் நாய்க்குத் தீங்கு செய்யும், பூனையைக் கொன்றுவிடும்.

3. விசர்நோயில் கவனம்

கிழட்டு நாய்க்கும் வருடந்தோறும் விசர்நோய்த் தடுப்பூசி அவசியம். சாதுவான நாய் திடீரெனச் சீறினால், எச்சில் வடித்தால், விழுங்க முடியாமல் தவித்தால், “வயசு போட்டுது” என்று இருந்துவிடாதீர்கள். அதைத் தொடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

4. பிரியும் வேளை

சாகப்போகும் நாயைப் பாலத்துக்கு அப்பாலோ சந்தையடியிலோ விட்டுவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது வேண்டாம். தீராத வேதனையென்றால், நோவின்றி உயிர் பிரிய ஊசி போடலாமா என்று கால்நடை வைத்தியரிடம் கேட்கலாம். நஞ்சு வைப்பது கொடுமை. வேறு உயிர்களும் அதனால் சாகும்.

பெரியகல்லாறு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பூமி. தோண்டினால் விரைவில் நீர் வரும். ஆகவே கிணற்றுக்குத் தூரமாக, மேடான இடத்தில் ஆழப் புதையுங்கள். பிள்ளைகளும் நிற்கட்டும், ஒரு பூவை வைக்கட்டும். “ஓடிப்போட்டுது” என்று பொய் சொல்ல வேண்டாம். பிள்ளை தேடிக்கொண்டே இருக்கும்.

2004 டிசம்பர் 26இன் கடற்கோளையும் போரையும் கண்ட நம்மிடையே, “ஆட்களையே பறிகொடுத்தோம், நாய்க்கு அழுவதா?” என்ற எண்ணம் வலுவாக உண்டு. கண்ணீருக்கு அப்படி அளவுகோல் இல்லை. சிறிய இழப்புக்கு அழ இடம் கிடைத்தால், பெரிய இழப்பின் பாரமும் சிறிது இறங்கும்.

தெற்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் விழாவைக் கண்டவர்களுக்குப் பாரதக் கதை புதிதல்ல. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமர் மறுத்தார். இதைக் கேட்கும்போது, “நாங்கள் விட்டுவிட்டுத்தானே வந்தோம்” என்று சிலருக்கு மனம் குத்தும். தருமர் மறுத்து நிற்கக்கூடியதாக இருந்தது. நமக்குத் தெரிவு செய்ய வழி இருக்கவில்லை. தோணியில் பிள்ளைகளை ஏற்றினோம். அந்தக் குற்றவுணர்வை இறக்கி வைப்போம்.

5. புதிய குட்டி

இத்தனை நாளில் எடுக்க வேண்டுமென்ற கணக்கில்லை. வீட்டில் எல்லாருக்கும் மனம் வரும்போது எடுங்கள். இரண்டு மாதம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். முதல் தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் உரிய நாளைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். பெண்குட்டிகளைத் தெருவில் எறியாதீர்கள்; அவையும் நல்ல காவல் காக்கும். குட்டி வேண்டாமென்றால் கருத்தடை செய்விக்கலாம்.

புதியது பழையதைப் போல இருக்காது. அதை இதனோடு ஒப்பிட்டு ஏசாதீர்கள். பழையதன் இடம் மனதில் அப்படியே இருக்கட்டும். இது தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளும். இடம்பெயர்ந்து வந்து புதிய வளவில் வேரூன்றிய நமக்கு இது விளங்காததல்ல.

குடும்பமாகக் கலந்துரையாடுவோம்

1. இடம்பெயர்ந்தபோது நாம் விட்டுவந்த உயிர்கள் எவை? அவற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?
2. நமது நாய்க்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டோம்?
3. நம் அயலில் கிழட்டு நாயோடு தனித்திருக்கும் முதியவர் யார்? அவருக்கு நாம் என்ன செய்யலாம்?