தேம்ஸ் திரும்பிய கதை

கேள்வி: செத்துப்போனதாகக் கருதப்பட்ட ஓர் ஆற்றில் மீன்கள் திரும்பிவிட்டன என்பதை ஆய்வாளர்கள் எப்படி உறுதிசெய்கிறார்கள்?

பதில்: இதற்கு லண்டனின் தேம்ஸ் நதி நல்ல சான்றாகும். ஆறு கடலோடு கலந்து உவர்ப்பாகும் அதன் கழிமுகத்தில், கழிவுநீரைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் கரைந்த ஆக்சிஜனை, அதாவது மீன்கள் செவுள் வழியே பெறும் உயிர்வளியை, உறிஞ்சித் தீர்த்துவிட்டதால், 1957-இல் கியூ முதல் கிரேவ்செண்ட் வரையிலான நீளத்தில் விலாங்கைத் தவிர மீனினமே இல்லை எனக் கருதப்பட்டது. பெக்டன், கிராஸ்னஸ் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் 1960, 70-களில் மேம்படுத்தப்பட்டபோது, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மீனியல் அறிஞர் ஆல்வின் வீலர், அனல்மின் நிலையங்கள் குளிர்விக்க உறிஞ்சும் நீரின் வடிகட்டித் திரைகளில் சிக்கும் மீன்களை இனம்பிரித்துப் பதிவுசெய்தார். வலையே வீசாமல் நடந்த இக்கணக்கெடுப்பு, எளிமையிலும் நுட்பத்திலும் வியக்கத்தக்கது. 1974-இல் அத்தகைய திரை ஒன்றில் கிடைத்த சால்மன், நதி மீண்டதன் அடையாளமாகக் கொண்டாடப்பட்டது.

ஆயினும் அக்கொண்டாட்டம் சற்று அவசரமானது. குஞ்சுகளைப் பல ஆண்டுகள் ஆற்றில் விட்டு சால்மனைப் பெருக்க முயன்ற பின், 2011-இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கு பிடிபட்ட சால்மன்கள் பெரும்பாலும் அக்குஞ்சுகளின் வழிவந்தவை அல்ல, தென் இங்கிலாந்தின் பிற ஆறுகளிலிருந்து தாமாகவே வழிமாறி வந்தவை என்று காட்டியது.